காவலூர் மலையும் அதன் அண்டை ஊர்களும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் அரை மணி. "சாப்பாடு ஒரு மணிக்கு, பந்தி காத்திருக்காது" என்று செயலாளர் மேடைக்கு வரும்போதே காதில் சொல்லிவிட்டார். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 1976-79 இயற்பியல் பிரிவு. சொந்த ஊர் திருப்புட்குழி. பாலுசெட்டிசத்திரத்தில் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வந்த கோஷ்டியில் ஒருவன். அப்பாவுக்குத் தறி. நான் தறியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்துப் படித்தேன். பி.எட். முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகக் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து, 1984-இல் ஒரு நாள் ஆர்டர் வந்தது. ஜவ்வாது மலையில், பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர். காவலூரிலிருந்து நடந்து போகிற தூரம். எங்கள் வீட்டில் அழுகை. "மலைக்காய்ச்சல் வந்து செத்துடுவே" என்றாள் ஆத்தா. பக்கத்து வீட்டு மாமா மட்டும், "போ தம்பி, ஆறே மாசத்துல மாறுதல் வாங்கிடலாம்" என்று தைரியம் சொன்னார். ஆறு மாதம் என்று போனவன் பதினோரு வருடம் இருந்தேன். அந்தப் பதினோரு வருடக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

காவலூரை உங்களில் சிலர் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற இடம். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் போய், அங்கிருந்து மலைச்சாலையில் ஏற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமும் இல்லை, பிரபலமும் இல்லை. சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலம். பலா உண்டு, புளி உண்டு, தேன் உண்டு, ஒரு காலத்தில் சந்தனம் நிறையவே உண்டு. பத்து வீடு, இருபது வீடு என்று ஊர்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு ஊரின் பேரும் ஒரு மரத்தில் முடியும், இல்லாவிட்டால் ஒரு கொல்லையில் முடியும். இந்தச் சிற்றூர்களெல்லாம் சேர்ந்து 'நாடு' என்று ஒரு கட்டு. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று பெயர்களைக் கேட்டால் ஏதோ சோழர் காலத்துக் கல்வெட்டு படிக்கிற மாதிரி இருக்கும். ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர், நாட்டுக்கு ஒரு நாட்டார்.

நிர்வாகத்தில் மட்டும் இந்த மலைக்கு நிலையான விலாசம் கிடையாது. நான் போனபோது முழுக்க வட ஆர்க்காடு. 1989-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். 2019-இல் வேலூரை மறுபடி பிரித்தார்கள். இன்றைக்குக் காவலூர் திருப்பத்தூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், வடக்குச் சரிவு வேலூர் மாவட்டம். ஒரே மலைக்கு மூன்று கலெக்டர்! மலை மட்டும் நகரவில்லை.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரம். பள்ளிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் பேரனைப் பார்க்க வந்தார். கையில் ஒரு மூட்டை சாமை. என்னைப் பார்த்து, "வாத்தியாருக்கு எந்த ஊரு?" என்றார். காஞ்சிபுரம் பக்கம் என்றேன். மனிதர் முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம ஊரு!" என்றார். ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "நெசமாத்தான் சொல்றேன். நாங்க காஞ்சியிலேர்ந்து வந்தவங்க" என்று ஆரம்பித்துக் கதை சொன்னார்.

அவர் சொன்ன கதையை நான் அன்றைக்கு முழுதாக நம்பவில்லை. பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதியைப் புரட்டினேன். அதே கதை, அதே நாய்களோடு, அச்சில் இருந்தது. கதை இதுதான்.

கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். இவர்கள் ஏளனமாக மறுத்துவிட்டார்கள். கோபம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப் போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். போகும்போது மனைவிமாரிடம், "நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்யவேண்டிய சடங்கைச் செய்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தத்தளித்துக் கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்தி, முடியாமல் திரும்பி, ஊர் வந்து சேர்ந்துவிட்டன. போனவர்கள் வேடர்களை வென்று திரும்பி வந்து பார்த்தால், வீட்டில் மனைவிமார் தாலி அறுத்தாகிவிட்டது. கருமாதி முடிந்துவிட்டது. செத்தவர்கள் உயிரோடு வந்து நின்றால் ஊர் ஏற்குமா? ஏற்கவில்லை. அவர்கள் வேடப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறிக் காடு திருத்தி உழுதார்கள். அவர்கள் வம்சம்தான் இந்த மலைக்கவுண்டர்கள்; அரசுப் பதிவேட்டில் 'மலையாளி' என்று எழுதப்படும் பழங்குடி மக்கள்.

இதற்கு ஆண்டுகூடப் போட்டிருக்கிறார்கள், கி.பி. 1132 என்று. ஆண்டு போட்டதனாலேயே ஒரு கதை வரலாறாகிவிடாது, அது எனக்கும் தெரியும். சேர்வராயன் மலையில், கொல்லிமலையில், பச்சைமலையில் இருக்கும் இதே மக்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அங்கே பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் வருகிறார்கள். ஆனால் எந்த மலையில் கேட்டாலும் கிளம்பிய ஊர் மட்டும் மாறுவதில்லை. காஞ்சிபுரம், காஞ்சிபுரம், காஞ்சிபுரம்.

இப்போது என் ஊரை நினைத்துப் பாருங்கள். திருப்புட்குழி. புள் என்றால் பறவை. ராமபிரான் ஜடாயுவுக்கு ஒரு மகன் தகப்பனுக்குச் செய்வதுபோல் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம். விஜயராகவப் பெருமாள் மடியில் ஜடாயு. கோயில் குளத்துக்கே ஜடாயு தீர்த்தம் என்று பெயர். ஒரு பறவைக்குக்கூட முறையாகக் காரியம் செய்த ஊர் என்று சின்ன வயதிலிருந்து பெருமையாகக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, உயிரோடிருந்த மனிதர்களுக்குக் காரியம் செய்து முடித்த காஞ்சிபுரத்துக் கதையைக் கேட்டபோது எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. கதைதான். இருந்தாலும் அந்தப் பெரியவர், "அந்த நாய்ங்க மட்டும் கொஞ்சம் தம் புடிச்சு நீந்தியிருந்தா, நானும் உங்க ஊர்லதான் இருந்திருப்பேன் வாத்தியாரே" என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்னொன்று. அந்த மலையில் பிறக்கும் செய்யாறு எங்கே வந்து சேருகிறது தெரியுமா? நம் திருமுக்கூடலில். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற இடம். உள்ளூர் மாணவர்கள் பழைய சீவரம் மலைமேல் ஏறி நின்று பார்த்திருப்பீர்கள். மனிதர்கள் திரும்பி வராவிட்டாலும் மலைத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதாவது மழை பெய்கிற வருடங்களில்.

சரி, டெலஸ்கோப்புக்கு வருகிறேன். இயற்பியல் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

1899 முதல் கொடைக்கானலில் சூரியனை ஆராயும் ஆய்வகம் இருக்கிறது. 1960-இல் அதற்கு இயக்குநராக வந்தவர் வைணு பாப்பு. சூரியனுக்குக் கொடைக்கானல் பரவாயில்லை. நட்சத்திரத்துக்கு உதவாது. மேகம், மூடுபனி. நல்ல இரவுகள் கைவிரல் விட்டு எண்ணுகிற மாதிரி. ஆகவே வேறு மலை தேடினார். தெற்கே எவ்வளவு கீழே இருக்கிறோமோ அவ்வளவுக்குத் தென்வானமும் தெரியும். காவலூர் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில். வடவானத்தின் பெரும்பகுதியும், தென்வானத்தின் பெரும்பகுதியும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். மழையும் கொஞ்சம் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, இருட்டு. சுற்றிலும் ஒரு பெரிய ஊர் விளக்கு கிடையாது. அந்த இருட்டுதான் அந்த மலையின் மூலதனம்.

ஏறத்தாழ நூறு ஏக்கர் காட்டில், கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1968-இல் வேலை செய்ய ஆரம்பித்தது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த வருடமே வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் பதிவு செய்து, அதற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டினார்கள்.

1977 மார்ச் 10-ஆம் தேதி நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். என் வகுப்பில் வருடா வருடம் சொன்ன கதை அது. அன்றைக்கு யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகவேண்டும். உலகத்தில் பல இடங்களில் காத்திருந்தார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேல் அமெரிக்கர்கள் ஒரு விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்துகொண்டிருந்தார்கள். காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யா குழுவினர். கோள் மறைக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே, நட்சத்திரத்தின் ஒளி சில விநாடி மங்கிப் பிறகு பழையபடி வந்தது. என்ன அது? காவலூர்க்காரர்கள் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கணித்து எழுதினார்கள். மற்ற இடத்துப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது துணைக்கோள் அல்ல, வளையம் என்று. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உலகத்துக்குத் தெரிந்த நாள் அது. கண்டுபிடித்த பெருமை விமானத்தில் போனவர்களுக்கு என்றாலும் காவலூரின் பதிவு வரலாற்றில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதில் ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? அவர்கள் முதலில் தப்பாகச் சொன்னது! "சார், அவ்ளோ பெரிய சயின்டிஸ்டே தப்பா சொல்லியிருக்காரு, நான் கணக்குல தப்பு விட்டா ஏன் சார் அடிக்கிறீங்க?" என்று ஒருவன் கேட்டான். அதற்கப்புறம் நான் பிரம்பைத் தொட்டதில்லை.

பாப்பு 1982-இல் மறைந்துவிட்டார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை அவர் பார்க்கவில்லை. அதன் கண்ணாடியை பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். 1986 ஜனவரி 6-ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்து, ஆய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். அப்போது நாட்டிலேயே அதுதான் பெரியது. அந்த வருடம் ஹாலி வால்மீன் வேறு வந்தது. விடியற்காலையில் பிள்ளைகளைப் போர்வையோடு எழுப்பிக்கொண்டு வந்து மைதானத்தில் நிற்க வைத்துக் காட்டினேன். பாதிப் பேர் நின்றபடியே தூங்கினார்கள்.

1988 பிப்ரவரியில் காவலூரில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். 4130 என்று எண் கொடுத்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். இந்தச் செய்தியோடு ஊருக்கு லீவில் வந்தேன். கோயில் வாசலில் ஒரு தாத்தா ஆனந்தக் கண்ணீரே விட்டுவிட்டார். ஏனென்றால் எங்கள் ஊரில்தான் ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார் என்பது வரலாறு. "தாத்தா, அது வேற, இது கணக்கு ராமானுஜன்" என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் போடா" என்று போய்விட்டார்.

இதுவரை பெருமைக் கதை. இனிமேல் சொல்லப்போவது அவ்வளவு சுகமாக இருக்காது.

காவலூருக்குச் சாலை வந்தது, மின்சாரம் வந்தது. ஆய்வகத்துக்காக வந்தது, ஊருக்கும் பயன்பட்டது. நல்லதுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து ஊர்கள்? என் பள்ளிப் பிள்ளைகள் பலருடைய வீட்டுக்குப் போக ஒற்றையடிப் பாதைதான். பிரசவ வலி வந்தால் கம்பில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நானே இரண்டு தடவை தோள் கொடுத்திருக்கிறேன். தெருவிளக்கு கேட்டு ஒரு ஊரில் மனு எழுதச் சொன்னார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது, சாமை மூட்டைக்காரப் பெரியவர் கேட்டார்:

"வாத்தியாரே, மேல இருக்கிற டெலஸ்கோப்புக்காரங்களுக்கு இருட்டு வேணுமாம். எங்களுக்கு வெளிச்சம் வேணும். ரெண்டு பேரும் ஒரே மலையில இருக்கோம். யாருக்குன்னு நீங்க மனு எழுதுவீங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இரவெல்லாம் யோசித்தேன். பதில் இயற்பியலில் இருந்தது. விளக்கு கெடுதல் செய்வது எரிவதனால் இல்லை. மேலே பார்த்து எரிவதனால். தலைக்கு மேல் ஒரு தகரத் தொப்பி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் விட்டால் பாதையும் தெரியும், நட்சத்திரமும் கெடாது. குறைந்த வாட்ஸ் பல்பே போதும். மனுவில் அப்படியே எழுதினேன். வெகு நாள் கழித்து விளக்கு வந்தது. தொப்பியை ஆலங்காயத்தில் ஒரு தகரக் கடையில் நாங்களே செய்து மாட்டினோம். உண்மையில் காவலூர் வானத்தைக் கெடுப்பது அந்த மலையூர்களின் நாலு பல்பு அல்ல நண்பர்களே. அடிவாரத்தில் வளர்ந்துகொண்டே போகும் நம்மைப்போன்ற நகரங்களின் வெளிச்சம்தான். இருட்டைக் காப்பாற்று என்று மலைக்காரனிடம் சொல்வது சுலபம். நம் கடைத்தெருவில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். பிரம்பு பற்றிக் கேட்டானே, அவன்தான். சனிக்கிழமைகளில் ஆய்வகத்தில் பொதுமக்களுக்குச் சின்னத் தொலைநோக்கியில் வானம் காட்டுவார்கள். அவனை அழைத்துப்போனால் திரும்பக் கூட்டிவருவது பெரிய பாடு. சனிக் கிரகத்தின் வளையத்தை முதல்முறை பார்த்துவிட்டு, லென்ஸில் படம் ஒட்டியிருக்கிறார்களா என்று குழாயின் மறுமுனைக்குப் போய்ப் பார்த்தான். அவன் பிளஸ் டூ முடித்ததும் பி.எஸ்சி. சேர்த்தே தீருவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நம் வட்டாரத்தில் ஒரு கல்லூரி. எது என்று கேட்காதீர்கள், நான் சொல்லப் போவதில்லை.

முதல் சங்கடம் சாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர்தான் கொடுக்கவேண்டும். நடையாய் நடந்து வாங்கினோம். அடுத்தது, 'மலையாளி' என்ற அந்தச் சொல். விண்ணப்பத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒரு ஊழியர், "கேரளாக்காரனுக்கு இங்க என்னய்யா சீட்டு?" என்றார். தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் ஏறத்தாழ பாதிப்பேர், 2011 கணக்குப்படி மூன்றரை லட்சம் பேருக்கு மேல், இந்த மலையாளிகள்தான். அவர்கள் பேசுவது தமிழ். இது நம்மில் படித்தவர்களுக்கே தெரியாது. நான் விளக்கிச் சொல்லி, ஒரு வழியாகச் சேர்த்துவிட்டு, விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, தலையைத் தடவிவிட்டு மலைக்குத் திரும்பிவிட்டேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

ஏழே மாதம். ஒரு நாள் காலையில் பள்ளி வாசலில் பெட்டியோடு நிற்கிறான். என்னடா என்றேன். பேசவில்லை. நான் கத்தினேன். "பணம் கட்டினேன், புஸ்தகம் வாங்கிக் கொடுத்தேன், என்னடா குறைச்சல்?" அவன் ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்:

"குறைச்சல் ஒண்ணுமில்ல சார். அந்த ஊர்ல என்னை யாருக்கும் தெரியாது சார். சாப்பாட்டு மணி அடிச்சா எந்தப் பக்கம் போகணும்னுகூட யாரும் சொல்லல. கேரளா, கேரளான்னு கூப்பிட்டாங்க. ஏழு மாசத்துல என் பேரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடல."

நான் பிறந்த ஊர் அங்கிருந்து பஸ் தூரம். என் அண்ணன் இருந்தார், அண்ணி இருந்தார், மாமா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளைச் சோறு சாப்பிட வா என்று சொல்ல ஒரு ஆளை நான் ஏற்பாடு செய்யவில்லை. பணம் கொடுத்தேன். ஆளைக் கொடுக்கவில்லை. கிழவர் கதைப்படி எண்ணூறு சொச்சம் வருடம் கழித்து அந்த வம்சத்தில் ஒருவன் காஞ்சிச் சீமைக்குத் திரும்பி வந்தான். அடையாளம் கண்டுகொள்ள யாரும் இல்லை. அந்தத் தப்பு என்னுடையது. இத்தனை வருடம் கழித்து இந்த மேடையில் அதை ஒப்புக்கொள்ளத்தான் வந்தேன்.

அதன்பிறகு அவன் மலையிலேயே தங்கிவிட்டான். நான் 1995-இல் மாறுதலாகி வந்துவிட்டேன். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, ஆந்திரத்தில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லாரும் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். மறுநாள் பேப்பரில் பெயர்ப் பட்டியலை விரல் வைத்துப் படித்தேன். அவன் பெயர் இல்லை. 'அப்பாடா' என்றேன். என் மனைவி பக்கத்திலிருந்து, "அப்ப மத்த இருபது பேரு?" என்று கேட்டாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். சந்தனம் இருந்தவரை சந்தனம், அது தீர்ந்ததும் செம்மரம். வெட்டுகிறவன் கையில் கூலிதான் மிஞ்சும், குண்டும் அவனுக்குத்தான். லாபம் பார்க்கிறவன் எந்தக் காட்டுக்குள்ளும் போவதில்லை.

2023 மே மாதம், அதே மலைத்தொடரில், வேலூர் மாவட்டம் அல்லேரியில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. ஒன்றரை வயது. மருத்துவமனை போய்ச் சேரத் தாமதம், சாலை இல்லை. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிகிற இடம் வரைதான் வர முடிந்தது. மீதி தூரம் தாய் குழந்தையைச் சுமந்துகொண்டு நடந்தாள். காப்புக்காட்டுக்குள் சாலை போட 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். காடு நமக்கு வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் தூரத்து நட்சத்திரத்துக்கு 1968-இலேயே வழி கிடைத்த மலையில், பக்கத்துப் பிள்ளைக்கு 2023-இலும் வழி இல்லை என்பதை என் இயற்பியல் படிப்பு எதைக்கொண்டும் விளக்க முடியவில்லை.

கெட்ட செய்தியாகவே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2024 தொடக்கத்தில் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த 23 வயது மலையாளிப் பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேர்ச்சி பெற்றார். பிள்ளை பெற்ற ஓரிரு நாளில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர். பேப்பரில் படம் பார்த்துவிட்டு நான் என் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். அவன் எனக்கு முன்பே ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டான்.

ஆமாம், இப்போது தொடர்பில் இருக்கிறான். ஆலங்காயத்துக்கும் மலைக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறான். வெளியூரிலிருந்து டெலஸ்கோப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏறும்போதே யுரேனஸ் கதையைச் சொல்லிவிடுகிறான் என்று கேள்வி. அவனுடைய மகள் இந்த வருடம் பிளஸ் டூ. கணக்கில் கெட்டி. போன மாதம், "நம்ம காலேஜுல சேர்த்துடலாம்டா" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வேற எங்க வேணாலும் சேர்த்துவிடுங்க சார். காஞ்சிபுரம் பக்கம் மட்டும் வேணாம் சார்" என்றான்.

நண்பர்களே, சங்கத்தில் கல்வி உதவித்தொகைக்குப் பணம் இருக்கிறது. பொருளாளர் ஆண்டறிக்கையில் வாசித்தார், கேட்டேன். நான் கேட்பது அதை அல்ல. ஆள் கேட்கிறேன். அந்த மலையிலிருந்து வருடத்துக்கு இரண்டு பிள்ளைகள் வரட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த ஊரில் ஒரு வீடு. பஸ் ஸ்டாண்டில் போய் நின்று கூட்டிவர ஒருவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். விடுதி மாணவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். முதல் நாள் மணி அடித்ததும் பக்கத்து அறைக்காரனைக் கூட்டிக்கொண்டு போங்கள். திருப்புட்குழியில் முதல் வீடு எங்களுடையது. என் மனைவி ஒப்புக்கொண்டாகிவிட்டது. சொல்லப்போனால் யோசனையே அவளுடையது. அந்தப் பெண்ணின் அப்பாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்கு நான் ஒருவன் போய்ப் பேசினால் நடக்காது. நீங்களும் வரவேண்டும்.

அதற்காகத்தான் காவலூருக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்திருக்கிறேன். மாசி மாதத்தில், அமாவாசையை ஒட்டிவரும் சனிக்கிழமை. வானம் தெளிவாக இருக்கும். ஆய்வகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுத வேண்டும், அதனால் பெயரை இன்றே கொடுத்துவிடுங்கள். வாசலில் மேஜை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். ஆலங்காயம் வரை நம் பஸ். அங்கிருந்து ஜீப், யாருடைய ஜீப் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச் கொண்டுவருகிறவர்கள் அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொண்டு வாருங்கள். செல்போன் விளக்குக்கும் அதேதான்.